ரெண்டு தடவ ஊசி போட்டும் காய்ச்சல் திரும்ப வருது, இன்னைக்கு மூக்குல ரத்தம் – நாட்டு நாய், 4 வயசு

தாமிரபரணிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல மணின்னு ஒரு நாட்டு நாய், 4 வயசு, போன மாசம் வரைக்கும் 18 கிலோ இருந்தான், இப்ப விலா எலும்பு எண்ணலாம் போல இருக்கான். ஊரு அம்பாசமுத்திரம் பக்கம். வீட்டுக்குப் பின்னால மாட்டுத்தொழுவம் இருக்கு, ராத்திரி அங்கதான் படுப்பான்.

ரெண்டு வாரத்துக்கு முன்னால ஒரு நாள் சோத்தப் பாத்ததும் மூஞ்சத் திருப்பிக்கிட்டான், கறிக்குழம்பு ஊத்தி வச்சும் தொடல, அப்பவே எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. பக்கத்துல ஒரு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனோம், 104 காய்ச்சல்னு ஒரு ஊசி போட்டாரு. ரெண்டு நாள் நல்லா ஓடுனான், மூணாவது நாள் மறுபடி படுத்துட்டான். திரும்பப் போனோம், அதே ஊசி கூட இன்னொண்ணு, அதுக்கும் ரெண்டு நாள்தான். இப்ப மூணு நாளா பச்சத்தண்ணி மட்டும், ஒரே இடத்துல சுருண்டு கெடக்கான். ஈறு வெள்ளையா இருக்கு. அடிவயித்துல சின்னச் சின்னதா செவப்பு புள்ளி, கொசு கடிச்ச மாதிரி ஆனா தடிப்பு இல்ல. இன்னைக்கு காலைல தும்மும்போது மூக்குல ரத்தம்.

காதுக்குள்ள, விரல் இடுக்குல எல்லாம் உண்ணி. பிடுங்கப் பிடுங்க வருது. அம்மா கண்ணுபட்டுட்டுன்னு மொளகா சுத்திப் போட்டாச்சு. அப்பா நேத்து மனுசங்க போடுத காய்ச்சல் மாத்திரை பாதி உடச்சு குடுத்துட்டாரு, எனக்கு அப்புறந்தான் தெரியும்.

மூணு கேள்வி. இது உண்ணிக் காய்ச்சலா? மாட்டுக்கு உண்ணிக்கு அடிக்கிற மருந்து தொழுவத்துல இருக்கு, அத இவன் மேல அடிக்கலாமா, வீட்ல ஒரு பூனையும் இருக்கு? அடுத்த வாரம் வெறிநாய் ஊசி போடணும், போடலாமா?

நொய்யல்_நடை:

ப்ரோ முதல்ல போன கீழ வச்சுட்டு வண்டி பிடிங்க. மூக்குல ரத்தம், வயித்துல புள்ளி, ஈறு வெளுப்பு, இந்த மூணும் சேந்து வந்தா ரத்தத்த உறைய வைக்கற பிளேட்லெட் அணு படுத்துருச்சுன்னு அர்த்தம், நாளைக்குப் பாக்கலாம்ங்கற விசயம் இல்லீங்க. உங்களுக்கு திருநெல்வேலி ராமையன்பட்டில கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்க ஆஸ்பத்திரி இருக்கு, ரத்த டெஸ்ட் எடுத்துருவாங்க.

நான் இதே மாதிரி காய்ச்சல் ஊசி, காய்ச்சல் ஊசின்னு மூணு வாரம் ஓட்டி என்ற லேப்ரடாரை தொலைச்சவன். ஊசி போட்டா சூடு எறங்கும், நாய் எந்திரிச்சு வாலாட்டும், நமக்கும் நிம்மதி. உள்ள இருக்கற கிருமி அது பாட்டுக்கு வேலை செஞ்சுட்டே இருக்கும். யாராவது ஒருத்தர் முதல் நாளே ரத்தம் எடுங்கன்னு சொல்லியிருந்தா பொழச்சிருக்கும்.

வைகை_வாய்க்கால்:

இவ்ளோ பயப்பட வேணாம் தம்பி. எங்க காலத்துல நாய்க்கு என்ன டெஸ்ட்டா எடுத்தோம். உண்ணி இருக்க இடத்துல மண்ணெண்ணெய தொட்டு வைங்க, பொத்து பொத்துன்னு விழும். பப்பாளி இலை சாறு காலைல ரெண்டு ஸ்பூன் குடுங்க, டெங்குக்கே அதான குடுக்குறோம். வேப்பெண்ணெய்ல மஞ்சள் கொழச்சு ஒடம்பெல்லாம் பூசுங்க.

வேப்பேரி_வெயிட்டிங்_ஹால்:

மண்ணெண்ணெய் மட்டும் தயவுசெஞ்சு வேணாங்க அண்ணே. நான் டாக்டர் இல்ல, சென்னைல ஒரு சின்ன கிளினிக்ல 9 வருஷமா உதவியாளா இருக்கேன், வாரத்துக்கு ஒண்ணாவது மண்ணெண்ணெய் கேஸ் வரும், தோல் வெந்துபோயி, அத நக்கி வாந்தி எடுத்து. உண்ணிக்கு எரிச்சல் குடுத்தா அது எச்சிய இன்னும் உள்ள கக்கும்னு எங்க டாக்டர் சொல்வாரு, நோயே அந்த எச்சி வழியாத்தான் ஏறுது. ட்வீசர்ல தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா மெதுவா இழுக்கணும், திருகக் கூடாது, விரல்ல நசுக்கக் கூடாது, சோப்புத் தண்ணி இல்ல ஸ்பிரிட் ஊத்துன டப்பால போட்டு மூடிடுங்க.

தம்பி, உங்க கேள்விக்கு வர்றேன். நீங்க சொல்றத வச்சு உண்ணிக் காய்ச்சல்தான்னு தோணுது, ஆனா அதுல ஒண்ணு இல்ல. எர்லிகியான்னு ஒண்ணு, பாக்டீரியா, வெள்ளை அணுக்குள்ள உக்காரும், பிளேட்லெட் எறங்கும், மூக்குல ரத்தம் வர்றது பெரும்பாலும் இதுல. இன்னொண்ணு பெபீசியா, அது மலேரியா மாதிரி சிவப்பணுக்குள்ள போயி ஒடைக்கும், மூத்திரம் டிகாக்ஷன் கலர்ல போகும். ரெண்டும் ஒரே நேரத்துல இருக்கறதும் சகஜம். ஏன் இத பிரிச்சு சொல்றேன்னா மருந்து வேற. எர்லிகியாவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை, பொதுவா 28 நாள். பெபீசியாவுக்கு அது மட்டும் போதாது, தனி ஊசி இருக்கு. அதனால கார்டு மாதிரி இருக்க ரேப்பிட் டெஸ்ட் எடுத்து நெகடிவ்னு வந்தா உடனே வீட்டுக்கு வந்துடாதீங்க, நிறைய கார்டுல பெபீசியா இருக்கவே இருக்காது, ரத்தத்த கண்ணாடில தடவி மைக்ராஸ்கோப்ல பாக்கச் சொல்லுங்க, காது நுனில குத்தி எடுத்த ரத்தம்னா கண்ணுல மாட்ட வாய்ப்பு ஜாஸ்தி. கூடவே சிபிசி, அதாவது ரத்த அணு எண்ணிக்கை, அப்புறம் ஈரல், கிட்னி டெஸ்ட்.

அந்த மாத்திரை மேட்டர். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு குடுத்தாருன்னு அப்பாட்ட கேட்டு எழுதிட்டுப் போங்க, அட்டையையும் எடுத்துட்டுப் போங்க. திட்டுவாங்கன்னு மறைக்காதீங்க. பாராசிட்டமால் நாய் ஈரல கெடுக்கும், பூனைக்கு ஒரு மாத்திரையே உயிர் போற அளவு. இபுப்ரொஃபென்னா வயித்துல புண்ணு வந்து ரத்தம் போகும், உங்க பையனுக்கு ஏற்கனவே ரத்தம் உறையாத நிலை, அதுல இது வேறயா.

வெறிநாய் ஊசிய காய்ச்சலோட போடமாட்டாங்க. தேறுனப்புறம் டாக்டர் நாள் சொல்வாரு. தள்ளிப்போடலாம், மறக்கக் கூடாது.

வைகை_வாய்க்கால்:

சரிம்மா மண்ணெண்ணெய் வேணாம். பப்பாளி இலைல என்ன தப்பு?

வேப்பேரி_வெயிட்டிங்_ஹால்:

தப்புன்னு சொல்லலண்ணே. அது கிருமிய கொல்லாது, அவ்ளோதான். அதக் குடுத்துட்டு நாலு நாள் காத்திருக்கறதுதான் ஆபத்து. அதுவும் மூணு நாளா சாப்பிடாத நாய்க்கு கசப்பு சாறு ஊத்துனா வாந்திதான் வரும், புரையும் ஏறலாம்.

திண்ணைப்_பூனை:

பூனை இருக்கற வீடுன்னு படிச்சதும் ஓடி வந்தேன். மாட்டு மருந்து அடிக்காதீங்க!! டெல்டாமெத்ரின், பெர்மெத்ரின், இந்த மெத்ரின்னு முடியற மருந்துல பெரும்பாலானது பூனைக்கு விஷம், அதோட ஈரலால அத சரியா ஒடைச்சு வெளியேத்த முடியாது. நாய் மேல அடிச்சாலும் பூனை அதுகூட ஒரசி படுக்கும், அப்புறம் தன்ன நக்கும், போதும். எங்க சித்தி வீட்ல இப்படித்தான், நாய்க்குப் பூசுனாங்க, ராத்திரி பூனைக்கு ஒடம்பு உதறல், வாயில நுரை, விடிய விடிய டாக்டர் வீட்டு வாசல்ல நின்னு ஒரு வழியா காப்பாத்துனோம். மாட்டு மருந்த நாய்க்கு எத்தனை மடங்கு தண்ணி கலக்கணும்னும் நமக்குத் தெரியாது, கண்ணளவுல ஊத்துவோம். நாய்க்குன்னே தோல் மேல சொட்டு விடற ஸ்பாட் ஆன் மருந்து வாங்குனாலும் டப்பால பூனைக்கு ஆகாதுன்னு போட்டிருக்கான்னு படிங்க.

தாமிரபரணிக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, முந்தாநேத்து பதில பாத்த உடனே லோடு ஆட்டோ பிடிச்சு ராமையன்பட்டி போயிட்டோம். கூட்டம் இருந்துச்சு, மூக்குல ரத்தம்னு சொன்னதும் முன்னால கூப்பிட்டுட்டாங்க. பிளேட்லெட் 31 ஆயிரம். 2 லட்சத்துக்கு மேல இருக்கணுமாம். ஹீமோகுளோபின் 7.4, அது 12க்கு மேல இருக்கணும். எர்லிகியா பாசிட்டிவ். கண்ணாடில தடவிப் பாத்த ஸ்மியர்ல பெபீசியா தெரியல. டாக்ஸிசைக்ளின் எழுதி, டிரிப் போட்டு, வாந்திக்கு ஊசி போட்டாங்க. ஹீமோகுளோபின் இன்னும் எறங்குனா ரத்தம் ஏத்தணும், பெரிய நாய் ஒண்ணு ரெடியா வைங்கன்னாங்க, சித்தப்பா வீட்டு ராஜபாளையத்துக்கிட்ட பேசி வச்சிருக்கோம், அதாவது சித்தப்பாகிட்ட.

மாத்திரை பாராசிட்டமால்தான், பாதி. அப்பா டாக்டர்ட்ட அவரே சொல்லிட்டாரு, தலைய குனிஞ்சுக்கிட்டு. இனிமே குடுக்காதீங்க சார்னு மட்டும் சொன்னாங்க. ஈரல் டெஸ்ட்ல கொஞ்சம் கூட இருக்கு, அதுக்கும் மருந்து.

இப்ப ஒரு சந்தேகம். உண்ணிய எல்லாம் பிடுங்கிட்டேன், ரெண்டு மணி நேரத்துல பாத்தா தொழுவச் சுவத்துல மேல ஏறிக்கிட்டு இருக்கு. எங்க இருந்து வருது இவ்வளவு?

வேப்பேரி_வெயிட்டிங்_ஹால்:

சரியான நேரத்துல போயிட்டீங்க தம்பி.

சுவத்துல ஏறுதுன்னீங்க பாருங்க, அதான் முக்கியமே. எல்லாரும் நாய் மேல இருக்கறதுதான் உண்ணின்னு நெனைக்கிறாங்க. நாய் உண்ணி வாழ்நாள்ல பெரும்பகுதி நாய் மேல இருக்காது, சுவத்து விரிசல், கதவு நிலை இடுக்கு, ஓட்டுக்கு அடில இருக்க மரச்சட்டம், அங்கதான் இருக்கும். ரத்தம் குடிச்சு கொழுகொழுன்னு சாம்பல் கலர்ல இருக்கே அது பொட்டை, கீழ விழுந்து இடுக்குல போயி ஆயிரக்கணக்குல முட்டை போடும். குஞ்சு பொரிச்சு நாய் மேல ஏறும், குடிச்சு எறங்கும், தோல் உரிக்கும், மறுபடி ஏறும், இப்படி மூணு தடவ. சாப்பாடே இல்லாம மாசக்கணக்குல காத்திருக்கும். அதனால நாய மட்டும் சுத்தம் பண்ணா பத்து நாள்ல திரும்ப அதே கதை.

அவன் படுக்கற சாக்க எரிச்சுடுங்க. விரிசல எல்லாம் சிமெண்ட் வச்சு பூசுங்க, முடிஞ்சா சுண்ணாம்பும் அடிங்க. சுவத்துக்கு மருந்து அடிக்கணும்னா மாடு, நாய், பூனை மூணையும் வெளிய கட்டிட்டு, முழுசா காஞ்சதுக்கு அப்புறம்தான் உள்ள விடணும், எதை எவ்ளோ அடிக்கலாம்னு கால்நடை டாக்டர்ட்டயே கேட்டுக்கோங்க. ஒரு தடவ அடிச்சா முட்டை சாகாது, ரெண்டு மூணு வாரம் விட்டு மறுபடி, குறைஞ்சது மூணு மாசம் விடாம பாருங்க. மாட்டு மேல இருக்கறது பெரும்பாலும் வேற ஜாதி உண்ணி, அத வச்சு மாட்ட திட்டாதீங்க.

அவனுக்கு தின்னக் குடுக்கற உண்ணி மாத்திரை இருக்கு, ஒண்ணு மாசாமாசம், ஒண்ணு 12 வாரத்துக்கு ஒரு தடவ. விலை கூடதான். வலிப்பு வந்த நாய்க்கு யோசிச்சுதான் குடுப்பாங்க, எப்ப ஆரம்பிக்கலாம்னு டாக்டர் சொல்லட்டும்.

டாக்ஸிசைக்ளின வெறும் வயித்துல குடுக்காதீங்க, வாந்தி வரும். மாத்திரைய வரட்சியா முழுங்க வச்சா தொண்டைக் குழாய்ல ஒட்டி புண்ணாக்கும், கூட ரெண்டு வாய் சோறோ தண்ணியோ போகணும். இன்னொண்ணு, நாலஞ்சு நாள்ல துள்ளுவான் பாருங்க. அப்பதான் எல்லாரும் நிறுத்துவாங்க. அவன் துள்ளுனாலும் கிருமி மண்ணீரல், எலும்பு மஜ்ஜைன்னு பதுங்கிக்கும், ஆறு மாசம் கழிச்சு வந்தா மஜ்ஜையே வேலை செய்யாது, அப்ப எங்க கைல ஒண்ணும் இருக்காது.

நொய்யல்_நடை:

நடுவுல ஒரு சந்தேகங்க. இப்ப எங்கிட்ட இருக்கற பொண்ணு நாய்க்கு போன வருசம் எர்லிகியா வந்து 28 நாள் முடிச்சோம், நல்லா இருக்கா. ரெண்டு மாசம் கழிச்சு கார்டு டெஸ்ட் எடுத்தா இன்னும் பாசிட்டிவ்ங்கறாங்க. மறுபடி மருந்து ஆரம்பிக்கணுமா?

வேப்பேரி_வெயிட்டிங்_ஹால்:

அந்த கார்டு கிருமிய பாக்கறதில்ல, கிருமிய எதிர்க்க ஒடம்பு உண்டாக்கற எதிர்ப்பொருள பாக்குது. நோய் போனாலும் பல மாசம், சிலதுக்கு வருஷக்கணக்குல பாசிட்டிவ் காட்டும். சிபிசி எடுங்க. பிளேட்லெட் நல்லா இருந்து அவளும் தின்னு ஓடிட்டு இருந்தா உங்க டாக்டர் சும்மா கவனிக்கச் சொல்வாரு. ரொம்ப சந்தேகம்னா கிருமியவே நேரா தேடற பிசிஆர் டெஸ்ட் இருக்கு. ஒரு தடவ வந்துட்டா மறுபடி வராதுன்னு இல்ல, இதுக்கு தடுப்பூசியும் கிடையாது, அதனால உண்ணி மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க.

திண்ணைப்_பூனை:

பூனை என்ன ஆச்சு தாமிரபரணி? அத யாருமே கேக்கல.

தாமிரபரணிக்காரன்:

17 நாள் ஆச்சு, சொல்லாம விட்டதுக்கு மன்னிக்கணும், நாத்து நடவு வேலை. பூனை நல்லா இருக்கு அக்கா, மணி படுத்திருந்த அன்னைக்கெல்லாம் பக்கத்துலயே உக்காந்திருந்துச்சு, இப்ப அவன் தட்டுல சோறு திருடுது. மாட்டு மருந்த அப்பா பூட்டி வச்சுட்டாரு.

நேத்து திரும்ப சிபிசி எடுத்தோம். பிளேட்லெட் 1 லட்சத்து 85 ஆயிரம், ஹீமோகுளோபின் 10.1. ரத்தம் ஏத்த வேண்டி வரல, சித்தப்பாவோட ராஜபாளையம் தப்பிச்சுட்டான். ஈறு ரோஸ் ஆயிட்டு. எடை 15 கிலோ. நீங்க சொன்ன மாதிரியே அஞ்சாவது நாள் எந்திரிச்சு கோழிய வெரட்டுனான், அம்மா உடனே மாத்திரை போதும்டான்னாங்க, உங்க பதிலத்தான் வாசிச்சுக் காட்டுனேன். தொழுவச் சுவரு பூசியாச்சு, கூரைச் சட்டம் மட்டும் பாக்கி.

ஒரே பிரச்சனை மாத்திரைதான். இட்லிக்குள்ள வச்சேன், இட்லிய தின்னுட்டு மாத்திரைய மட்டும் சுத்தமா துப்பிட்டான். சிக்கன்ல ஒரு வாரம் ஏமாந்தான், இப்ப அதையும் மோந்து பாக்கான். இன்னும் 11 நாள் இருக்கு, எப்படி குடுக்க?

வைகை_வாய்க்கால்:

வாழப்பழம் தம்பி. நல்லா கனிஞ்ச நாட்டுப்பழம். முதல் துண்டு சும்மா, ரெண்டாவதுல மாத்திரை, மூணாவது துண்டக் கைல வச்சுக் காட்டிக்கிட்டே ரெண்டாவதக் குடுக்கணும், அடுத்தது போயிருமோன்னு மெல்லாம முழுங்கிருவான். இதுக்கு டெஸ்ட் எல்லாம் வேணாம், நாப்பது வருஷ அனுபவம்.

வேப்பேரி_வெயிட்டிங்_ஹால்:

இது சரிதான் அண்ணே, நாங்களும் இப்படித்தான் குடுக்கறோம்.