மைக் வயர் எட்டாத இடம்

எங்கள் ஊர் கிராம சபையில் நடந்தது இது. அக்டோபர் 2 கூட்டம். ஜனத்தொகை மூவாயிரத்துக்குள் என்பதால் 100 பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும். நூறு நாள் வேலைப் பெண்கள் வந்தாலே அந்தக் கணக்கு முடிந்துவிடும். வந்ததும் நோட்டில் கையெழுத்து, அப்புறம் வேப்பமரத்தடியில் தரையில் உட்காருவார்கள். நாற்காலியும் மைக்கும் ஆண்கள் பக்கம். மைக் வயர் மரம் வரைக்கும் எட்டாது. பெண் வார்டு உறுப்பினர் இருக்கிறார், ஆனால் பேசுவது அவர் வீட்டுக்காரர்.

எதை முதலில் தூர்வாருவது என்று பேச்சு. முன்வரிசை நாலு பேர் பெரிய ஊரணி என்றார்கள். "எல்லாருக்கும் சம்மதம்தானே?" சத்தமே இல்லை. தீர்மானம் ஆகியிருக்கும். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் எழுந்துபோய் மரத்தடியில் உட்கார்ந்து, "ஆடு மாடு எங்கம்மா தண்ணி குடிக்குது?" என்று கேட்டார். அவ்வளவுதான், பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். காலனிக் குட்டையின் கரை போன மழையிலேயே உடைந்து, தண்ணீர் வீட்டுக்குள் வருகிறதாம். அந்தக் குட்டைதான் முதலில் என்று மாறியது. தீர்மானத்தை எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே டீச்சர் கையெழுத்துப் போட்டார். மற்றவர்களெல்லாம் வெற்றுப் பக்கத்தில் ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தோம், நானும்தான்.

---

எங்கள் அடுக்குமாடியிலும் இதே கதை. 2019 கோடை, சென்னையில் லாரித் தண்ணீருக்கு அலைந்த நேரம். காலை 6 முதல் 7 வரை மட்டும் குழாயில் தண்ணீர் என்று சங்கத்தில் முடிவு. சங்கம் என்றால் வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டும். நைட் ஷிஃப்ட் முடிந்து எட்டு மணிக்கு வரும் வாடகைக்காரர்களுக்குக் குளிக்கக்கூடத் தண்ணீர் இல்லை. சண்டைக்குப் பிறகு, வீட்டுக்கு ஒரு சீட்டு, பேர் போடாமல் எழுதிப் பெட்டியில் போடுவது என்றானது. காலையில் அரைமணி, இரவில் அரைமணி என்று பிரித்தார்கள். எப்போதும் முதலில் பேசும் பொருளாளரைக் கடைசியில் பேசச் சொன்னோம். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

---

சீட்டு என்றதும் எங்கள் மகளிர் குழு ஞாபகம் வருகிறது. உள்கடன் யாருக்கு முதலில் என்பதற்குச் சீட்டுக் குலுக்கி, குழந்தையை எடுக்கச் சொல்வோம், சோழர் காலத்தில் ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த உத்திரமேரூர் குடவோலை மாதிரி. அங்கேயும் சிறுவன்தான் எடுத்தான். ஆனால் ஓலையில் பேர் ஏற கால்வேலிக்கு மேல் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். எங்களிடமும் அப்படி ஒரு விதி இருந்தது: இரண்டு மாதச் சந்தா பாக்கி என்றால் சீட்டில் பேர் கிடையாது. வீட்டுக்காரர் கால் உடைந்து படுத்திருந்த அக்காவின் பேர் அப்படித்தான் விடுபட்டது. கடன் யாருக்கு அவசரமோ அவருக்கே சீட்டு இல்லை! போன மாதம் விதியைத் தளர்த்தினோம். அக்கா பேர் இன்னும் விழவில்லை.