டாப்ளர் கோடு அடியைத் தொட்ட நாள்

மழைத்துளி:
முதல் கர்ப்பத்தில் 29வது வாரம் வரை எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. வயிறு சின்னதாக இருக்கிறதே என்று மருத்துவர் டேப் வைத்து அளந்தார். 25 சென்டிமீட்டர்தான். அந்த மாதங்களில் வாரக் கணக்கும் சென்டிமீட்டரும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டுமாம். ஸ்கேனில் தலை அளவு சரி, குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு மட்டும் பின்தங்கியிருந்தது. நஞ்சுக்கொடி சரியாக ஊட்டவில்லை என்றார். நான் ஒழுங்காகச் சாப்பிடாததால்தானோ என்று கேட்டேன். இல்லை என்றார், மனசு கேட்கவில்லை.

அப்புறம் வாரம் இரண்டு முறை டாப்ளர். ஊசி, வலி எதுவும் கிடையாது. வயிற்றில் ஜெல் தடவி, தொப்புள்கொடியில் ஓடும் ரத்தத்தைப் பார்க்கிறார்கள். திரையில் மலை மலையாகக் கோடு வரும். சிகரத்தை விடுங்கள், நடுவில் இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள் என்று ஸ்கேன் எடுத்தவர் காட்டினார். குழந்தையின் இதயம் இரண்டு துடிப்புக்கு நடுவே ஓய்வெடுக்கும் நேரம் அது. நஞ்சுக்கொடி நன்றாக இருந்தால் அப்போதும் ரத்தம் முன்னால் போய்க்கொண்டே இருக்கும். உள்ளே தடை கூடக் கூடப் பள்ளம் இறங்கும். அடிக்கோட்டைத் தொட்டால் அந்த நேரத்தில் ஓட்டம் இல்லை. அதற்கும் கீழே போனால் ரத்தம் திரும்பி ஓடுகிறது. அதற்குப் பிறகு எந்த ஸ்கேனிலும் நான் குழந்தையின் முகத்தைத் தேடவில்லை.

32வது வாரக் கடைசியில் தொட்டுவிட்டது. குழந்தையின் நுரையீரலுக்காக ஒரு நாள் இடைவெளியில் இரண்டு ஸ்டீராய்டு ஊசி, தினமும் இரண்டு வேளை என்எஸ்டி (வயிற்றில் பட்டை கட்டி, குழந்தையின் இதயத் துடிப்பைக் கொஞ்ச நேரம் பதிவு செய்து பார்க்கும் சோதனை), 33வது வாரத்தில் சிசேரியன். 1.4 கிலோ. நன்றாக அழுதான்.

நிலாப்பெண்:
அக்கா, எனக்கு எல்லா ஸ்கேனும் சரியாகத்தான் இருந்தது. 36வது வாரத்தில் ஒரு நாள் அசைவு குறைந்தது. வீட்டில் வைத்துக் கேட்கிற குட்டி டாப்ளர் ஒன்று வாங்கியிருந்தேன். டக் டக் என்று கேட்டதும் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். மறுநாள் போனபோது செவிலியர் திட்டினார், சரியான திட்டு. நஞ்சுக்கொடி திணறினாலும் துடிப்பு கேட்டுக்கொண்டுதான் இருக்குமாம். சில சமயம் நாம் கேட்பது நம்முடைய ரத்த ஓட்டத்தையேகூட. என்எஸ்டியில் துடிப்பு ஏற்ற இறக்கமே இல்லாமல் தட்டையாக ஓடியது. அன்றைக்கே பிரசவம். இப்போது அவளுக்கு இரண்டு வயது. அந்தக் கருவியைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

தும்பி:
மழைத்துளி அக்கா, அடுத்த குழந்தைக்கும் இப்படி வருமா என்று கேட்டீர்களா?

மழைத்துளி:
கேட்காமலா! வர வாய்ப்பு உண்டு என்றார்கள். அதனால் இந்த முறை 12வது வாரத்திலிருந்தே குறைந்த அளவு ஆஸ்பிரின், அவர்கள் சொல்லித்தான். ஆமாம்பா, இந்த முறை. 22 வாரம் ஆகிறது. கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்களில் நேற்று டாப்ளர் பார்த்தார்கள். ஓட்டம் நன்றாக இருக்கிறது. இன்று முகத்தையும் காட்டச் சொல்லியிருக்கலாமே என்று இருக்கிறது.