அவசரம்: பி.ஏ. விண்ணப்பம் நகரவே மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

இரவுப்பணி · 2 ஜூலை, காலை 7.12
எல்லோருக்கும் வணக்கம். பி.ஏ.வுக்கு விண்ணப்பம் போட்டு மூன்று வாரம் ஆகிறது. காசு கட்டியாயிற்று, கடிதங்கள் போய்விட்டன, எல்லாம் அனுப்பிவிட்டேன், ஆனால் மதிப்பெண் பகுதியில் மட்டும் ‘நிறைவடையவில்லை’ என்றே காட்டிக்கொண்டிருக்கிறது. கடைசித் தேதி ஆகஸ்ட் 1. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? டியூட்டி முடிந்து டாக்சியில் உட்கார்ந்து தட்டுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

டோங்காட்_தம்பி · 7.20
பி.ஏ.வா? தமிழா, வரலாறா?

பால்கோவா_மாமா · 7.31
அமைச்சர் யாருக்காவது பி.ஏ.வாகப் போகிறாயா அம்மா? அதற்கு விண்ணப்பம் எதற்கு, ஆளைத் தெரிந்தால் போதுமே.

ஊசிமருந்து · 7.48
மாமா, சும்மா இருங்கள். அவள் சொல்வது பிசிஷியன் அசிஸ்டென்ட், டாக்டரோடு சேர்ந்து நோயாளியைப் பார்க்கிற வேலை. தங்கச்சி, எந்த நாட்டுக்குப் போடுகிறாய்? என்ன படித்தாய், எங்கே? மதிப்பெண் பட்டியலை அனுப்பியது நீயா, கல்லூரியா, வேறு யாராவதா? வயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு எங்கே வலிக்கிறது என்று சொல்லாத நோயாளி மாதிரி எழுதியிருக்கிறாய், நீயே தினமும் அப்படிப் பத்துப் பேரைப் பார்ப்பாய்.

டோங்காட்_தம்பி · 7.55
அக்கா, போனில் பார்க்கிறீர்களா கம்ப்யூட்டரிலா? போனில் பழைய பக்கமே நிற்கும். கேஷை அழித்துவிட்டுத் திறந்து பாருங்கள். கரண்ட் போன நேரத்தில் அப்லோட் செய்திருந்தால் பாதியில் அறுந்தும் இருக்கலாம்.

விதிமுறை_வேலு · 9.05
இந்தப் பகுதியின் உச்சியில் நான் எழுதி ஒட்டிய குறிப்பு இருக்கிறது. நாடு, தளம், படிப்பு, என்ன பிழை, எப்போது: இந்த ஐந்தும் இல்லாமல் கேள்வி கேட்காதீர்கள் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். படிக்க யாருக்கும் நேரமில்லை, கேட்க மட்டும் நேரம் இருக்கிறது. போகட்டும். நீங்கள் இங்கே தென்னாப்பிரிக்காவில் கிளினிக்கல் அசோசியேட்டாக, அதாவது டாக்டரின் மேற்பார்வையில் நோயாளியைப் பார்ப்பவராக இருந்துகொண்டு அமெரிக்காவுக்குப் போடுகிறவர் என்றால் இந்த விண்ணப்பமே வீண் செலவு. நம்முடையதும் அவர்களுடையதும் ஒரே வேலைதான். நேராக அவர்களுடைய தேர்வை எழுதி லைசென்ஸ் வாங்கிவிடலாம். யாரும் சொல்லித் தருவதில்லை, அவ்வளவுதான்.

மாரிட்ஸ்பர்க்_பேத்தி · பகல் 1.40
வேலு அண்ணே, அது தவறு. அவர்களுடைய பேன்ஸ் தேர்வை எழுத வேண்டுமானால் அங்கே அங்கீகாரம் பெற்ற பி.ஏ. படிப்பை முடித்திருக்க வேண்டும். வெளிநாட்டு டாக்டரே வந்தாலும் பி.ஏ.வாக வேண்டுமென்றால் அதைப் படித்தாக வேண்டும். நான் வடக்கு கரோலைனாவில் இரண்டாம் வருடத்தில் இருக்கிறேன், இந்தக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சேர்ந்தேன்.

விதிமுறை_வேலு · 1.52
நான் பொதுவாகச் சொன்னேன். மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

மாரிட்ஸ்பர்க்_பேத்தி · 2.03
லைசென்ஸ் விதிதான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும் அண்ணே. தேர்வு நாடு முழுக்க ஒன்றே.

இரவுப்பணி · மாலை 4.30
மன்னிக்கவும், தூங்கிவிட்டேன். அமெரிக்காவுக்குத்தான், அங்குள்ள பி.ஏ. கல்லூரிகளுக்குப் பொதுவாக விண்ணப்பிக்கிற காஸ்பா தளம் வழியாக. நான் கிளினிக்கல் அசோசியேட், மூன்று வருட பி.சி.எம்.பி. படிப்பு. வட நேட்டாலில் ஒரு மாவட்ட மருத்துவமனையில் கேஷுவால்ட்டியில் நாலாவது வருடம். கணவர் அங்கே இருக்கிறார், அதனால் விசா பிரச்சினை இல்லை. வெளிநாட்டு மதிப்பெண் பட்டியலை மதிப்பீடு செய்கிற ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டினேன், அவர்களே ரிப்போர்ட்டை நேராக அனுப்பிவிட்டார்கள். படிக்கும்போது என் பெயர் கோவெண்டர், கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளே. சொல்ல வேண்டியதா என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

பால்கோவா_மாமா · 4.41
அதேதான் அம்மா! பெயர்தான்! பட்டியலில் கோவெண்டர், விண்ணப்பத்தில் பிள்ளே, இரண்டும் ஒரே ஆள் என்று அங்கே உட்கார்ந்திருப்பவனுக்கு எப்படித் தெரியும்? என் தங்கை மகள் பாஸ்போர்ட்டில் இப்படித்தான் ஆறு மாதம் அலைந்தாள். கல்யாணப் பத்திரத்தை ஸ்கேன் செய்து அனுப்பு.

ஊசிமருந்து · 4.58
பழைய பெயர் போட ஒரு கட்டம் இருக்கும், அதில் எழுதினாயா? ஆனால் எனக்கு வேறு சந்தேகம். பெயர் பொருந்தாவிட்டால் ‘வரவில்லை’ என்றல்லவா காட்ட வேண்டும்? ‘நிறைவடையவில்லை’ என்றால் வந்ததில் ஏதோ குறை.

கரும்புத்தோட்டம் · 5.15
மாமா, கோவெண்டர் என்பது கவுண்டர்தானே? நம் முன்னோர் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்தபோது, பெயரைப் பதிந்தவன் காதில் விழுந்தபடி எழுதியது.

பால்கோவா_மாமா · 5.22
யார் சொன்னது? கோவிந்தர்தான் கோவெண்டர் ஆனது. எங்கள் தாத்தா சொல்லுவார்.

கரும்புத்தோட்டம் · 5.40
எல்லோர் தாத்தாவும் ஒவ்வொன்று சொல்லுவார். முதலி மூட்லி ஆனது, பிள்ளை பிள்ளே ஆனது, நாயுடு நைடூ ஆனது. எல்லாம் சாதிப் பட்டம். இந்த வரிசையில் கோவெண்டர் மட்டும் சாமி பெயராக இருக்குமா? 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் வந்து நின்ற ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து வந்தது. அதற்குப் பின் 1911 வரை வந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். அந்தப் பட்டியல்களை எழுதியவர்களுக்கு ழவும் தெரியாது ளவும் தெரியாது.

பால்கோவா_மாமா · 5.44
அந்தப் பட்டியலில் பாதிப் பேருக்கு அப்பா பெயர்தான் இருக்கிறது, பட்டமே கிடையாது. பட்டம் பிறகு ஒட்டிக்கொண்டது. ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பார்த்தவன் நான்.

டோங்காட்_தம்பி · 5.50
அக்கா, பேசாமல் இங்கிலாந்துக்குப் போடுங்கள். அங்கேயும் பி.ஏ. இருக்கிறதே, இரண்டே வருடம்.

ஊசிமருந்து · மாலை 6.20
கணவர் ஒரு கண்டத்தில், இவள் இன்னொன்றிலா? அதுவும் இங்கிலாந்தில் இப்போது பி.ஏ. என்றாலே சண்டை. 2024 டிசம்பரில்தான் மருத்துவக் கவுன்சில் அவர்களைப் பதிவில் எடுத்தது, 2025 ஜூலையில் அரசு கேட்ட ஆய்வறிக்கை வந்து, அசோசியேட் என்று சொல்லாதே, அசிஸ்டென்ட் என்றே சொல் என்கிறது. வேடிக்கை என்னவென்றால் அமெரிக்காவில் அவர்களுடைய சங்கம் 2021-இல் நேர் எதிராக, அசிஸ்டென்ட் வேண்டாம், அசோசியேட் ஆக்குவோம் என்று முடிவெடுத்தது.

விதிமுறை_வேலு · 6.35
பெயரில் என்ன இருக்கிறது, டாக்டருக்கு எடுபிடிதானே.

மாரிட்ஸ்பர்க்_பேத்தி · இரவு 8.10
எடுபிடியா? 1965-இல் ட்யூக் பல்கலையில் இந்தப் படிப்பை ஆரம்பித்தபோது சேர்த்துக்கொண்டது கடற்படையில் மருத்துவப் பணி பார்த்துவிட்டு வந்தவர்களை. காயத்தைப் பார்த்துப் பழகிய கையை வீணாக்கக் கூடாது என்றுதான். இவள் நாலு வருடமாக வெள்ளிக்கிழமை ராத்திரி கேஷுவால்ட்டியில் குத்துவெட்டுக்குத் தையல் போடுகிறவள். அந்த அனுபவத்தைத்தான் அங்கே மணிக்கணக்கில் எண்ணிப் பார்க்கிறார்கள்.

சரி, தங்கச்சிக்கு. உன் ரிப்போர்ட்டின் நகல் உன்னிடம் இருக்கும், அதைத் திற. ஒவ்வொரு பாடத்துக்கும் தனி வரி, அதன் எதிரே கிரெடிட், கிரேடு இருக்கிறதா? இல்லை, ‘இந்தப் பட்டம் அங்கே இன்னதற்குச் சமம்’ என்று ஒரே வரியில் முடிகிறதா?

இரவுப்பணி · 8.31
ஒரே வரிதான் அக்கா. இரண்டு பக்கம், அதில் ஒன்று முழுக்க முத்திரை. மலிவாக இருந்ததை எடுத்தேன், ராண்டில் பெருக்கினால் நெஞ்சு அடைக்கிறது.

மாரிட்ஸ்பர்க்_பேத்தி · 8.44
நினைத்தேன். நீ வாங்கியது டாக்குமென்ட்-பை-டாக்குமென்ட். அது வேலை தேடப் போதும், காஸ்பாவுக்குப் போதாது. பாடம் பாடமாக மதிப்பிடுகிற கோர்ஸ்-பை-கோர்ஸ் வேண்டும். புதிதாக விண்ணப்பிக்காதே, அதே கணக்கில் உயர்த்திக்கொள்ள முடியுமா என்று கேள், பெரும்பாலும் மிச்சப் பணம் மட்டும் கட்டினால் போதும். காஸ்பா எண்ணைக் குறிப்பிட மறந்துவிடாதே. பழைய பெயரையும் எழுது, மாமா சொன்னதில் தப்பில்லை.

இன்னும் இரண்டு. ஆகஸ்ட் 1 எந்த வகைக் கடைசித் தேதி என்று பார். சில கல்லூரிகளுக்கு அன்றைக்குள் நீ சமர்ப்பித்தால் போதும். சில கல்லூரிகளுக்கு எல்லாக் காகிதமும் வந்து சேர்ந்திருக்க வேண்டும். இன்னும் சில, சரிபார்ப்பே முடிந்திருக்க வேண்டும் என்கின்றன, அதற்கு மட்டும் வாரக்கணக்கில் ஆகும். மூன்றாவது வகையாக இருந்தால் இன்றே ஓடு. அப்புறம், நம் படிப்பில் உடற்கூறு, உடலியங்கியல் எல்லாம் ஒன்றாகக் கலந்து உறுப்பு உறுப்பாக வரும், பட்டியலில் ‘அனாட்டமி’ என்று தனியாக ஒரு வரி இருக்காது. பல கல்லூரிகள் அந்தப் பெயரைத் தேடும். பாடத்திட்டத்தை உன் துறையிடமிருந்து கடிதமாக வாங்கிக் கையில் வைத்துக்கொள், சேர்க்கை அலுவலகத்துக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேள். எனக்கு மைக்ரோபயாலஜி ஒன்றை மறுபடி படிக்க வேண்டியிருந்தது. ஒரு முழு கோடைக்காலம் போயிற்று.

விதிமுறை_வேலு · 9.02
இதைத்தான் ஒட்டிய குறிப்பில் நான்காவது பத்தியில் எழுதியிருக்கிறேன்.

ஊசிமருந்து · 9.06
பார்த்தேன் அண்ணே. அந்தப் பத்தி நர்ஸ் விசாவைப் பற்றியது.

கரும்புத்தோட்டம் · 9.15
மாமா, காப்பகத்தில் பார்த்தேன் என்றீர்களே, எந்த வருடப் பட்டியல்?

இரவுப்பணி · 4 ஜூலை, அதிகாலை 3.25
அக்கா சொன்னதேதான். உயர்த்த முடியும் என்றார்கள், கணவர் அங்கிருந்து கட்டிவிட்டார். கல்லூரிகள் மூன்றில் இரண்டு, காகிதம் வந்து சேர்ந்தால் போதும் என்கிற வகை. மூன்றாவது சரிபார்ப்பு வகை, அதை விட்டுவிடுவேன் போல. உள்ளே ஆள் வந்திருக்கிறது, போகிறேன். எல்லோருக்கும் நன்றி.

டோங்காட்_தம்பி · 29 ஜூலை, இரவு 8.20
அக்கா, வந்ததா? என்ன ஆயிற்று?

டோங்காட்_தம்பி · 3 ஆகஸ்ட், இரவு 7.05
அக்கா?

பால்கோவா_மாமா · 3 ஆகஸ்ட், இரவு 7.40
டியூட்டியில் இருக்கும் அந்தப் பெண், விடு. கரும்புத்தோட்டம், 1889 பட்டியல். போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மகனை விட்டுப் போடச் சொல்கிறேன்.