ஹெபடைடிஸ் பி சரியான பிறகும் மற்றவருக்குத் தொற்றுமா?

கேள்வி: போன வருடம் ஹெபடைடிஸ் பி வந்து மஞ்சள் காமாலையோடு படுத்துவிட்டேன். இப்போது ரிப்போர்ட்டில் ஹெச்பிஎஸ் ஆன்டிஜென் (வைரஸின் மேலுறைப் புரதம்) நெகட்டிவ், ஆன்டி-ஹெச்பிஎஸ் (அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடி) பாசிட்டிவ். ஆனால் ஆன்டி-ஹெச்பிசி (வைரஸின் உட்பகுதிப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி) மட்டும் இன்னும் பாசிட்டிவ் என்றே வருகிறது. சீக்கிரம் கல்யாணம், அவருக்கு என்னிடமிருந்து தொற்றிவிடுமா?

பதில் 1: பயப்படாதீங்க, தொற்றாது. ஆன்டிஜென் போய் ஆன்டி-ஹெச்பிஎஸ் வந்துவிட்டது என்றால் உடம்பே வைரஸை அடக்கிவிட்டது என்று அர்த்தம், பெரியவர்களில் 100 பேருக்கு வந்தால் 95 பேருக்கு மேல் இப்படித்தான் தானாகவே குணமாகிறது. ஆன்டி-ஹெச்பிசி என்பது எப்போதோ வந்துபோனதற்கான தடயம், பெரும்பாலும் ஆயுசுக்கும் பாசிட்டிவாகவே இருக்கும். தடுப்பூசி மட்டும் போட்டவர்களுக்கு அது வராது.

பதில் 2: மேலே சொன்னது சரி. ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். வைரஸின் டிஎன்ஏ ஈரல் செல்களுக்குள் கொஞ்சம் தங்கிவிடும், சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். பின்னாளில் கீமோதெரபி, ரிடுக்சிமாப் மாதிரி எதிர்ப்பு சக்தியைக் குறைக்கிற மருந்து எடுக்க நேர்ந்தால் மறுபடி கிளம்பலாம், அப்போது பரவவும் செய்யும். அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரத்த தானம் செய்யப் போனாலும் சொல்லுங்கள், பல இடங்களில் எடுக்க மாட்டார்கள்.

கேள்வி கேட்டவர்: அப்பாடா, நன்றி. அவர் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டுமா?

பதில் 1: உங்களுக்காக அவசியமில்லை, இதுவரை போடாதவர் என்றால் எப்படியும் போட்டுக்கொள்வது நல்லது. வழக்கமாக 3 ஊசி, 0, 1, 6 மாதக் கணக்கில்.