ஐஸ்பெட்டிக்குப் பின்னால் ஒரு தட்டு

பெர்ஜுந்தைக்காரி:

மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றினார்கள். எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான் வருகிறது. ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்து, அப்புறம் தாமான் என்கிற குடியிருப்பில் மலிவு விலை வீடு வாங்கி வந்த குடும்பம் எங்களுடையது. கொசுக்கடி என்றாலே எதிர்வீட்டு லோங்காங், அந்தச் சாக்கடைதான் காரணம் என்று சாதித்துக்கொண்டிருந்தவள் நான்.

மூன்றாம் படிவம் படித்த மகனுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காய்ச்சல் வந்தது. கிளினிக்கில் தொண்டைப் புண் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று பையன் சொன்னதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. என்எஸ்1 இரத்தச் சோதனை என்று ஒன்று இருப்பதும், முதல் சில நாட்களிலேயே டிங்கியை (டெங்குவை) காட்டிக்கொடுக்கும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நானே கேட்டிருப்பேன்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ‘பார்த்தாயா, சரியாகிவிட்டது’ என்று ரசம் வைத்தேன். அவன் தொடவில்லை. வயிறு வலிக்கிறது என்றான், இரண்டு முறை வாந்தி எடுத்தான். கையைப் பிடித்தால் ஐஸ் மாதிரி இருந்தது. தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்றார் வீட்டுக்காரர். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர். “காய்ச்சல் விட்ட பிறகுதான்டி பயம், கிளம்பு” என்று அதட்டினார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தால் டிங்கி. பிளேட்லெட், அதாவது இரத்தத் தட்டணு, 38 ஆயிரம். நான் அந்த எண்ணையே பிடித்துக்கொண்டு அழுதேன். டாக்டரோ இரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்பதைத்தான் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறுவதுதான் ஆளைச் சாய்க்கிறதாம். நான்கு நாள் டிரிப் ஏறியது. பார்க்க வந்தவர்கள் பப்பாளி இலைச் சாறும் நண்டு சூப்பும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எதையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் பையனைக் காப்பாற்றியது அந்த டிரிப்தான்.

அடுத்த வாரம் சுகாதாரப் பணியாளர்கள் இருவர் டார்ச் விளக்கோடு வந்தார்கள். தண்ணீர்த் தொட்டி சுத்தம், பூந்தொட்டித் தட்டுகள் காய்ந்துதான் கிடந்தன. எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அப்புறம் ஐஸ்பெட்டியை (ஃபிரிட்ஜை) முன்னால் இழுக்கச் சொன்னார்கள். பின்பக்கம் அடியில் ஒரு தட்டு. நீர் சொட்டி நிற்கிற இடம். வாங்கிய நாளிலிருந்து நான் கண்ணால் பார்த்ததே இல்லை. தூசி ஏடு படிந்த விரற்கடைத் தண்ணீர். டார்ச் ஒளி பட்டதும் நூல் துண்டு நூல் துண்டாக நெளிந்துகொண்டு அடியில் ஓடின. “ஜெந்திக்-ஜெந்திக், கக்காக்” என்றார் இளைஞர், கொசுப்புழு, அக்கா என்று மலாயில். சொட்டுக்குழாயால் உறிஞ்சிச் சின்ன பாட்டிலில் போட்டு என் கண்முன் ஆட்டிக் காட்டினார். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 வெள்ளி (ரிங்கிட்) அபராதம். கட்டினேன்.

பழைய டிரசர் (தோட்டத்து ஆஸ்பத்திரி மருத்துவ உதவியாளர்):

அம்மா, உங்கள் மேல் தப்பில்லை. நம் சனத்துக்கு ஒரு பழக்கம் ஊறிவிட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கொசுப்புழுவைக் கொல்லத் தண்ணீர் மேல் மலேரியா எண்ணெய் அடிக்க என்றே தோட்டத்தில் தனி ஆட்கள் இருந்தார்கள். முதுகில் டின்னைக் கட்டிக்கொண்டு ஓடை ஓடையாக நடப்பார்கள். வாரத்துக்கு ஒரு தடவை, அது தவறவே கூடாது. முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் நாம் முந்திக்கொள்ள வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் வேர் கிள்ளானில் இருக்கிறது. 1901இல் அங்கே வந்த மால்கம் வாட்சன் என்ற டாக்டர் சதுப்பை வடித்து, புதரை வெட்டி மலேரியாவை அடக்கினார். அதே வைத்தியத்தை மலைப்பக்கத் தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் கூடியது! கரையோரத்துக் கொசு நிழலில் நிற்கும் தண்ணீரைத் தேடும். மலைக் கொசுவுக்கோ வெயில் படும் தெளிந்த ஓடைதான் வேண்டும். காட்டை வெட்டினால் அதற்குக் கொண்டாட்டம். எந்தக் கொசு என்று தெரியாமல் செய்கிற வேலை இப்படித்தான் முடியும்.

டிங்கிக் கொசு ஓடைக்கும் போகாது, நாற்றச் சாக்கடையும் அதற்குப் பிடித்த இடமில்லை. நல்ல தண்ணீர், வீட்டு ஓரம், பகல் கடி. தோட்டத்து எண்ணெய்க்காரன் நம் சமையலறைக்குள் வந்ததில்லை. ஆனால் ‘யாராவது வந்து அடிப்பார்கள்’ என்ற நினைப்பு மட்டும் லயத்திலிருந்து நம்மோடு லாரி ஏறித் தாமானுக்கு வந்துவிட்டது.

புகை அடிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வண்டி சத்தம் கேட்டதும் சன்னலைப் படபடவென்று சாத்துகிறீர்கள். கொசு உள்ளே தொங்கும் துணிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது, புகை தெருவில் போகிறது. சோற்றை மூடி வைத்து, கதவைத் திறந்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே நில்லுங்கள். அதுவும் பறக்கிற கொசுவை மட்டும்தான் கொல்லும். தட்டில் நெளிகிறதை ஒன்றும் செய்யாது.

காய்ச்சலுக்கு பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின், புரூஃபன் பக்கம் போகாதீர்கள், இரத்தக் கசிவைக் கூட்டும்.

குளுவாங் தம்பி:

அக்கா, எங்கள் வீட்டில் டிங்கி இல்லை, சிக்குன்குனியா. 2008இல் ஜொகூரில் பரவியதே, அப்போது. அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். மழை நாளில் வெட்டு இல்லாவிட்டால் மரத்தில் பால் பிடிக்க மாட்டிய மங்கு (கிண்ணம்) ஒவ்வொன்றிலும் தண்ணீர். வெள்ளைக் கோடு போட்ட கொசு அங்கே பண்ணை வைத்தது. விடியற்காலை நிரையில், மர வரிசையில், நடக்கிறவனுக்குக் கடி நிச்சயம்.

காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது. விரல் மடங்கவில்லை. வெட்டுக்கத்தியைப் பிடிக்க முடியாமல் நாலு மாதம் வீட்டில் இருந்தார், தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் தூக்குவார். வேலைக்குத் திரும்பிய பிறகு, வெட்டு இல்லாத நாட்களில் மங்கைக் கவிழ்த்து வைக்காமல் வீடு திரும்பியதில்லை. மற்றவர்கள் நிரையிலும் போய்க் கவிழ்ப்பார். அதற்காகச் சண்டைகூட வந்தது.

பெர்ஜுந்தைக்காரி:

தனியாக எழுதிக் கேட்டவர்களுக்கு: கொசுப்புழுவைக் கொல்லத் தொட்டியில் போடும் அபேட் மருந்து 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம். தொட்டியைத் தேய்த்துக் கழுவினால் மறுபடியும் போட வேண்டும். தேய்ப்பதும் முக்கியம், முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் கிடக்கும்.

டிரசர் ஐயா, சன்னலைச் சாத்துகிற ஆள் நான்தான். ஒத்துக்கொள்கிறேன்.

மகன் இப்போது நன்றாக இருக்கிறான். டிங்கியில் நான்கு வகை, அடுத்த தடவை வேறு வகை பிடித்தால் இன்னும் மோசமாகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதால் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஐஸ்பெட்டியை அவனே இழுக்கிறான்.

தம்பி எழுதியதைப் படித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன். லயத்தை விட்டு வரும்போது அம்மா ஞாபகத்துக்கு என்று மூன்று மங்கு எடுத்துவந்திருந்தார். வேலிக் கம்பியில் மாட்டிக் கிடக்கின்றன. இரண்டில் சருகு. மூன்றாவதில் நேற்றைய மழை. கவிழ்த்துவிட்டேன்.