முதியோருக்கான உள்காதுச் சமநிலைப் பரிசோதனை: இரண்டு முடிவுகள் முரண்படுவது ஏன்?

கேள்வி:
என் தாயாருக்கு வயது 78. ஓராண்டாகத் தள்ளாட்டம் இருக்கிறது. இருட்டில் சுவரைப் பிடிக்காமல் அவரால் நடக்க இயலவில்லை. காதில் குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் செலுத்திச் செய்த சோதனை இயல்பு என்று வந்தது. ஆனால், கழுத்துத் தசையில் மின்முனைகளை ஒட்டிக் காதில் ஒலி கொடுத்துச் செய்த வெம்ப் சோதனையில் இரு பக்கமும் அலையே பதிவாகவில்லை. எதை நம்புவது? அடுத்து, தலையைச் சட்டெனத் திருப்பிப் பார்க்கும் வீடியோ சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர் என்பதால் அஞ்சுகிறேன்.

மறுமொழி 1:
ஐயா, இவை முரண்பட்ட முடிவுகள் அல்ல. 30, 44 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரால் செய்யும் சோதனை, உள்காதில் தலை திரும்புவதை உணரும் கிடைமட்ட அரைவட்டக் குழாயை மட்டுமே, அதுவும் மிக மெதுவான அசைவுக்கு நிகரான தூண்டலில், அளவிடுகிறது. கழுத்து வெம்ப் சோதிப்பது உள்காதிலேயே புவியீர்ப்பை உணரும் வேறோர் உறுப்பான சிறுபையை. 60 வயதைக் கடந்தவர்களில் உடல்நலத்தோடு இருப்பவர்களுக்கும் இந்த அலை பதிவாகாமல் போவதுண்டு. எனவே, அதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டக் கூடாது. படுத்தபடி தலையைத் தூக்கிக் கழுத்துத் தசையை இறுக்கிப் பிடித்தால்தான் அலை தெரியும். தாயாரால் அப்படிப் பிடிக்க முடிந்ததா? நடுக்காதில் குறை இருந்தாலும் ஒலி உள்ளே சேராது. அப்போது எலும்பு வழி அதிர்வு கொடுத்துப் பார்ப்பார்கள்.

மறுமொழி 2:
வீடியோ சோதனையில் தலையைத் திருப்புவது 10 முதல் 20 பாகை வரைதான், ஆனால் வேகமாக. எதிரே உள்ள புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உள்காது சரியாக இயங்கினால் கண் அங்கேயே நிற்கும். இயங்காவிட்டால் தலையோடு நழுவி, பின் துள்ளித் திரும்பும். முதியோருக்கு இமை தொங்கிப் பாவையை மறைப்பதும், கண் அசைவைப் படமெடுக்க அணிவிக்கும் கண்ணாடி தளர்ந்த தோலின்மேல் நகர்வதும் அளவைக் கெடுக்கும். கழுத்துத் தேய்மானத்தைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். செய்யலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

மறுமொழி 3:
என் தந்தைக்குக் கருவிச் சோதனைகள் பல செய்தார்கள். தலையை ஒருபுறம் திருப்பிச் சட்டெனப் படுக்கவைத்துக் கண் துடிப்பைப் பார்க்கும் டிக்ஸ்-ஹால்பைக் சோதனையை மட்டும் நெடுநாள் யாரும் செய்யவில்லை. பிறகு செய்தபோது, உள்காதில் உள்ள நுண்ணிய சுண்ணத் துகள்கள் இடம் மாறியிருந்தது தெரிந்தது. எப்ளி முறையில் தலையை நான்கு நிலைகளில் திருப்பியே சரிசெய்தார்கள். 'சுற்றுகிறது' என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, 'கால் நிலைகொள்ளவில்லை' என்றுதான் சொல்வார். உங்கள் தாயாருக்கு இருட்டில் தொல்லை கூடுவதால், பாதத்தின் உணர்ச்சியையும், எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் இறங்குகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. அம்மாவால் தலையைத் தூக்கிப் பிடிக்க முடியவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அதைப் பரிசோதகரிடம் தெரிவிக்கிறேன்.