ஸ்ட்ராட்ஃபோர்டு கிராமர் பள்ளி: ஆறாம் எட்வர்டு நிறுவினாரா, பிடுங்கியதைத் திருப்பிக் கொடுத்தாரா?

சாசனப்பிரியன்:
ஷேக்ஸ்பியர் படித்ததாகச் சொல்லப்படும், லத்தீன் இலக்கணம் கற்பித்த ஸ்ட்ராட்ஃபோர்டு கிராமர் பள்ளிக்கு இன்றும் ஆறாம் எட்வர்டு மன்னரின் பெயர்தான். 1553 ஜூன் 28 தேதியிட்ட சாசனத்தை வைத்து, பள்ளியை ஆரம்பித்தவரே அவர் என்று பலரும் எழுதுகிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஊரில் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்ததற்கு 1295-லேயே பதிவு இருக்கிறது. அப்புறம் பள்ளியைத் தாங்கியது புனிதச் சிலுவை கில்டு. இறந்தவர்களுக்காகப் பூசை வைக்கவும் ஏழைகளைக் கவனிக்கவும் ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்திய சமயச் சங்கம் அது. 1427-இல் பள்ளிக்கென்றே கட்டடம் கட்டினார்கள். 1482-இல் தாமஸ் ஜாலிஃப் என்ற பாதிரியார் கில்டுக்கு நிலம் எழுதி வைத்தார். அதற்கு அவர் போட்ட நிபந்தனை, தேடி வரும் எந்த மாணவனுக்கும் ஆசிரியர் இலக்கணம் சொல்லித்தர வேண்டும், ஒரு காசு வாங்கக் கூடாது என்பது.

1547-இல் எட்வர்டின் புராட்டஸ்டண்ட் அரசு, இறந்தவர்களுக்கான பூசை கூடாதென்று சட்டம் போட்டு கில்டைக் கலைத்து, சொத்தை எடுத்துக்கொண்டது. ஆறு வருடம் கழித்துத் திருப்பித் தந்ததற்குப் பெயர் நிறுவுதலா? சாசனம் வந்தபோது மன்னருக்கு வயது 15. அடுத்த மாதம் 6-ஆம் தேதி இறந்தே போனார்.

பழைய கணக்கு:
சார், சட்டத்தின் முகவுரையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எடுக்கும் சொத்தை கிராமர் பள்ளிகள் அமைப்பது போன்ற நல்ல காரியங்களுக்குத் திருப்பப் போவதாக அதிலேயே இருக்கிறது. 1548-இல் அந்தச் சட்டத்தை நிறைவேற்றிய ஆணையர்கள், ஏற்கெனவே பள்ளி நடந்த இடங்களில் ஆசிரியருக்குச் சம்பளம் தொடர வேண்டும் என்று உத்தரவும் போட்டார்கள்.

ஸ்ட்ராட்ஃபோர்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கில்டு காலத்தில் ஆசிரியருக்கு வருடம் 10 பவுண்டு. சாசனத்துக்குப் பிறகு 20 பவுண்டு, குடியிருக்க வீடும் உண்டு. ஆசிரியரை வைத்துச் சம்பளம் கொடுக்கும் பொறுப்பு ஊர் மன்றத்துக்கு வந்தது. பூசைக்கென்று வைத்த பணத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த பள்ளி, சட்டப்படி தனக்கென்று ஓர் இடம் பெற்றது. நான் இதைத்தான் நிறுவுதல் என்கிறேன்.

நெல்லை வாசகி:
இரண்டு பேரும் 1547-க்கு முன், பின் என்று கோடு போடுகிறீர்கள். ஊருக்குள் அந்தக் கோடு அவ்வளவு தெளிவாக இல்லை. பள்ளியை ஒட்டியே கில்டின் சிற்றாலயம் நிற்கிறது. அதன் சுவர் முழுக்கப் பழைய ஓவியங்கள். 1564 தொடக்கத்தில் ஒப்படைத்த ஊர்க் கணக்கில், சிற்றாலயத்து உருவங்களைச் சிதைக்க 2 ஷில்லிங் என்று ஒரு செலவு இருக்கிறது. அந்தக் கணக்குக்குப் பொறுப்பாளர்களில் ஒருவர் ஷேக்ஸ்பியரின் அப்பா ஜான். ஆனால் அவர்கள் சுரண்டி எடுக்கவில்லை, மேலே சுண்ணாம்பு பூசினார்கள். அதனால்தான் சில ஓவியங்கள் பிற்பாடு வெளியே வந்தன.

வகுப்பறையிலும் பழைய சமயமும் புதியதும் அப்படித்தான் கலந்து கிடந்தன. 1579 வாக்கில் ஆசிரியராக வந்த ஜான் காட்டமின் தம்பி தாமஸ் கத்தோலிக்கப் பாதிரியார். 1582-இல் அவரைத் தூக்கில் போட்டார்கள். கில்டு மண்டபத்தின் மாடியில் பையன்கள் விடியற்காலையிலிருந்து மாலை வரை லில்லியின் லத்தீன் இலக்கணத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். ஷேக்ஸ்பியர் அங்கே உட்கார்ந்தார் என்பதற்குப் பதிவேடு கிடையாது, அந்தக் காலத்துப் பெயர்ப் பட்டியல் எதுவும் மிஞ்சவில்லை. ஊர் மன்ற உறுப்பினரின் மகன் வேறெங்கே போயிருப்பான் என்ற ஊகம்தான். எனக்கு அது போதுமான ஊகம்.

சாசனப்பிரியன்:
வாசகி மேடம், அருமையான விவரம். ஆனால் நான் கேட்பது பணம் எங்கே போனது என்று. 1896-இலேயே ஏ. எஃப். லீச் என்ற கல்வி வரலாற்றாசிரியர் அரசாங்க ஆவணங்களைத் தோண்டி, எட்வர்டு பள்ளிகளை நிறுவியவரல்ல, கெடுத்தவர் என்று எழுதிவிட்டார்.

செட்பர் பள்ளியைப் பாருங்கள். ஈட்டன் கல்லூரித் தலைவராக இருந்த ரோஜர் லப்டன் 1525-இல் ஏற்படுத்தியது. அங்கே படித்த பையன்கள் கேம்பிரிட்ஜ் போக உதவித்தொகையும் வைத்திருந்தார். அந்தப் பள்ளியின் நிலத்தையே விற்றுவிட்டார்கள். 1550-இல் தாமஸ் லீவர் என்ற புராட்டஸ்டண்ட் போதகர், மன்னர் முன்னாலேயே பிரசங்கத்தில் இதைச் சொல்லிக் கண்டித்தார். கத்தோலிக்கர் புலம்பல் என்று இதை யாரும் ஒதுக்க முடியாது.

இன்னொன்று, 20 பவுண்டு என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். நிலம் ஊர் மன்றத்துக்குப் போனது, பள்ளிக்கு வந்தது நிலையான ஒரு தொகை. விலைவாசி ஏறிக்கொண்டே போன நூற்றாண்டு அது. நிலத்தின் வாடகை ஏறும், 20 பவுண்டு 20 பவுண்டாகவே நிற்கும். ஜாலிஃப் நிலமாகக் கொடுத்ததன் அருமை அங்கேதான் தெரிகிறது.

பழைய கணக்கு:
லீச்சின் வாதத்துக்கு 1950-களிலேயே ஜோன் சைமன் என்ற வரலாற்றாசிரியர் கடுமையான மறுப்பு எழுதினார். கில்டுகளின் கீழ் இருந்த பள்ளிகளின் தரத்தை லீச் மிகைப்படுத்தினார் என்பது அவர் தரப்பு. சரி, செட்பருக்கு வருவோம். லீவர் பேசியது 1550-இல், பள்ளிக்குப் புதுச் சாசனம் கிடைத்தது 1551-இல். கேட்கிற காது அரசவையில் இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

நிலம்தான் அளவுகோல் என்றால் பர்மிங்காமைப் பாருங்கள். 1552-இல் எட்வர்டின் சாசனம் அந்த ஊர் கில்டின் நிலத்தில் ஒரு பகுதியைப் பள்ளிக்கே கொடுத்தது. அப்போது அதன் வருமானம் வருடத்துக்கு சுமார் 21 பவுண்டு. பிறகு ஊர் பெருநகரமாகி அந்த நிலத்தின் மேலேயே வளர்ந்தது. அந்த வருமானத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பள்ளிகளை நடத்த முடிந்தது.

சாசனப்பிரியன்:
பர்மிங்காம் நிலமும் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் கில்டுக்குக் கொடுத்ததுதானே? அதில் ஒரு பகுதி மட்டும் திரும்பி வந்தது. செட்பருக்குப் புதுச் சாசனம் வந்ததும் நல்லதுதான், ஆனால் அதற்கு ஒருவர் மன்னர் முன் நின்று சத்தம் போட வேண்டியிருந்தது. சத்தம் போட ஆள் இல்லாத ஊர்களின் பள்ளிகளையும் கணக்கில் சேருங்கள். ஸ்ட்ராட்ஃபோர்டில் கொடுத்தவர் பெயர் தெரிகிறது, ஆண்டு தெரிகிறது, நிபந்தனையும் தெரிகிறது. என் பட்டியலில் 1482-க்கு நேராக நிறுவனர் என்று ஜாலிஃப் பெயரைத்தான் எழுதுவேன். 1553-க்கு நேராக, சொத்தில் ஒரு பங்கு மீட்பு என்று எழுதுவேன்.